ஒரே எண்ணில் இரண்டு பெயர்கள்

டிஸ்க் நிரம்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உங்களில் முக்கால்வாசிப் பேர் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவீர்கள். எது பெரிய ஃபைல் என்று பார்ப்போம், வேண்டாததை அழிப்போம், நின்றுபோன வேலையை மறுபடி ஓட்டுவோம். சரியான பதில்தான். நானும் அதைத்தான் செய்தேன். செய்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பணி ஓய்வு விழாவில் என் சாதனைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்; அந்த மேடையில்கூட இதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்போது எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை.

எழுபதுகளின் கடைசி. நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு, டிஸ்க் டிரைவ் இரண்டு, டேப் டிரைவ் ஒன்று, டெர்மினல் மூன்று. அந்த அறையில் ஈரம் ஏறக் கூடாது என்று நாள் முழுக்க ஹீட்டர் எரியும். அதனால் அலுவலகத்தில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே வந்து குளிர் காய்ந்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஓடிய சிஸ்டம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து டேப்பில் வந்தது. யூனிக்ஸ் வகை. இன்று நீங்கள் ஓட்டுகிறவற்றுக்கெல்லாம் அது பாட்டன் முறை ஆகும். அதன் ஒரு குணம் மட்டும் இன்றும் மாறவில்லை. அழி என்றால் அழித்துவிடும். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்காது.

அங்கே எனக்கு மேலே மேலாளராக ஒருவர் இருந்தார். பாலக்காட்டு டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எனக்குக் கீழே பாக்கியம் என்று ஒரு பெண், டெர்மினலில் விவரங்களைத் தட்டி ஏற்றுகிறவள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், அவள் அம்மா கொழுந்து பறித்தவர். இந்த மூன்று பேர்தான் கம்ப்யூட்டர் பிரிவு. நான் மட்டும் என் மனதில் நானே முழுப் பிரிவும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலைகளில் ஒன்று ஆஸ்பத்திரி லிஸ்ட். எஸ்டேட் ஆஸ்பத்திரி எஸ்டேட் ஆட்களுக்கு மட்டும்தான். மாதம் ஒருமுறை எல்லாத் தொழிலாளர்களின் எண், பெயர், வயது, டிவிஷன் எல்லாவற்றையும் அச்சடித்து அனுப்புவோம். மலைக்குக் கீழேயிருந்து வருகிறவர்கள் வேறு யாருடைய எண்ணையோ சொல்லி வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரோ புகார் செய்ய, லிஸ்டில் பெயர் இல்லாதவரை வார்டில் சேர்க்கக் கூடாது என்று அந்த மாதம்தான் மேலிடத்திலிருந்து கண்டிப்பான உத்தரவு போயிருந்தது. அதுவரை அந்த லிஸ்ட் வெறும் காகிதம். அந்த உத்தரவுக்குப் பிறகு அது கதவாகிவிட்டது. உத்தரவின் நகல் என் மேசைக்கும் வந்தது. நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. லிஸ்ட் அச்சடிக்கும் வேலை பாதியில் நின்றது. டிஸ்க்கில் இடமில்லை. வேண்டாத ஃபைல்களை அழித்தேன், போதவில்லை. தொழிலாளர் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எண் வரிசையில் அடுக்கியிருந்தது. பல இடங்களில் ஒரே எண்ணுக்கு இரண்டு வரிகள். இரண்டு வரியிலும் டிவிஷன் ஒன்று, லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடும் ஒன்று, பெயர் மட்டும் வேறு. முன்பொருமுறை வேலை பாதியில் நின்றபோது சிஸ்டம் பழைய வரியோடு ஏதோ குப்பையையும் சேர்த்து எழுதிவிட்டது என்று முடிவு கட்டினேன். இருபத்தாறு வயதில் முடிவு கட்டுவதற்கு எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

பக்கத்து டெர்மினலில் இருந்த பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"சார், அதுல ரெண்டு ரெண்டாத்தான் இருக்கும்" என்றாள்.

"அதைத்தான் சரி பண்றேனுங்க" என்றேன்.

ஏன் இரண்டிரண்டாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் மேலே பேசவில்லை. பேசினால் நான் முகத்தைச் சுளிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு எண்ணுக்கு முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடச் சொல்லி ஒரு கமாண்ட் கொடுத்தேன். புது ஃபைல் வந்தது. இடம் வேண்டுமே, பழைய ஃபைலை அழித்தேன். பிரிண்டர் ஓடியது. மத்தியான ஜீப்பில் லிஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அன்றைக்கு டீ எனக்கு வழக்கத்தைவிட ருசியாக இருந்ததாக ஞாபகம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி கிளார்க் போன் செய்தார். மலையாளி, நிதானமான மனிதர்.

"சாரே, பிரசவ வலியோட ஒரு பொண்ணு வந்திருக்கு. சந்தனமாரி, இருபத்திமூணு வயசுன்னு பறையுது. அவள் சொல்லுற நம்பருக்கு லிஸ்டில் வேற பேரு. அம்பத்தெட்டு வயசு. எந்து செய்யணும்?"

"டாக்டர் இல்லீங்களா?"

"வேற எஸ்டேட்டுக்கு ரவுண்ட்ஸ் போயி. நர்ஸும் நானும்தான். உத்தரவு தெரியுமல்லோ, அதான் உங்கள்ட்ட கேக்குது."

"லிஸ்ட் சனிக்கிழமைதானுங்க அடிச்சு அனுப்பினோம். மெஷின்ல வந்தது, தப்பு இருக்காதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை முறை எனக்குள் திரும்பச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஒன்பதரைக்கு மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை பேசியது அந்தப் பெண்ணின் கணவன், ஃபேக்டரியில் வேலை செய்கிறவன்.

"சார், நான் வேல்சாமி பேசுறேன். போன மாச லிஸ்ட்ல எம் பொண்டாட்டி பேரு இருந்துச்சு சார். கிளார்க்கு சாரே பாத்திருக்காரு. இப்ப இல்லங்காங்க. அவ வராந்தாவுல கெடக்கா சார். வலி நிக்க மாட்டேங்கு."

"பத்து நிமிஷம் இருங்க. பார்த்துச் சொல்றனுங்க" என்றேன்.

பார்த்தேன். அந்த எண்ணுக்கு ஒரே வரி. பேச்சியம்மாள், வயது ஐம்பத்தெட்டு. பாக்கியத்தைக் கூப்பிட்டு இது யார் என்று கேட்டேன்.

"அவ அம்மாவா இருக்கும் சார். அம்மா வேலைய விட்டா மகளுக்குப் பேரு மாத்திக் குடுப்பாங்க. நம்பரு அம்மா நம்பருதான் ஓடும். வீடும் அதே வீடுதான். அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி உண்டுல்ல, அதனால ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருப்பாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். எங்கம்மா நம்பருல எங்கக்கா வேல பாக்கா."

எஸ்டேட்டில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. லயத்தில் அந்த ஒரு அறை குடும்பத்தை விட்டுப் போகாமல் இருப்பதே இந்த வழக்கத்தால்தான். எனக்குத் தெரியாது. ஒரு எண் என்றால் ஒரு ஆள் என்று என் படிப்பு சொன்னது. முதல் வரியெல்லாம் வேலையை விட்ட அம்மாக்கள். நான் விட்டுவிட்ட இரண்டாவது வரியெல்லாம் மகள்கள். பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்களையாகப் பார்த்து அழித்திருக்கிறேன்.

பழைய ஃபைல் இல்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய நகல் ஒரு டேப்பில் இருக்க வேண்டும். அலமாரியைத் திறந்தேன்.

"சார், மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க சார். அந்தப் பிள்ளைய உள்ள எடுக்கச் சொல்லுங்க" என்றாள் பாக்கியம்.

"எத்தனை பேர் விட்டுப்போச்சுன்னே தெரியல. முழுசா சரி பண்ணிட்டு ஒரேயடியாச் சொல்றனுங்க. பத்து நிமிஷம்."

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. போனை எடுத்து, "தப்பு என்மேல். நான் பாதி ஃபைலை அழித்துவிட்டேன். அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். சொல்லியிருந்தால் கிளார்க்குக்குத் தெரிந்திருக்கும், எஸ்டேட் மானேஜருக்குப் போயிருக்கும், கம்பெனி முழுக்கச் சிரித்திருக்கும். லிஸ்டை முழுதாகச் சரிசெய்து கையில் வைத்துக்கொண்டு பேசினால், அது தவறாகத் தெரியாது, திறமையாகத் தெரியும். நான் பயந்தேன். வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்க முடியாது.

டேப் முதல் தடவை படிக்கவில்லை. இரண்டாம் தடவை பாதியில் பிழை காட்டி நின்றது. டிரைவின் தலையைத் துடைத்து மறுபடி போட்டேன். நடுவில் கரண்ட் ஒருமுறை போய் வந்தது, சிஸ்டத்தை முதலிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. டேப்பில் பிழை இருக்கும் இடத்தைத் தாண்டிப் படிக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை பரபரத்தது. சிக்கல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. வராந்தாவில் ஒரு பெண் கிடக்கிறாள் என்பது எங்கோ பின்னால் போய்விட்டது. இடையில் போன் இரண்டு முறை அடித்தது. பாக்கியம் எடுத்து, "சார் பாத்துட்டே இருக்காங்க, இப்பச் சொல்லிருவாங்க" என்று என் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். நான் தலையாட்டினேன். நம் வேலையில் இந்தச் சந்தோஷத்தைப் போல் ஆபத்தானது ஒன்றுமில்லை. உங்களுக்கும் அது வரும். வரும்போது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மேலாளர் அன்று காலையில் ஒரு கூட்டத்துக்காக மாட்டுப்பட்டிக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் உள்ளே நுழைந்தபோது பழைய ஃபைல் முழுதாக வந்துவிட்டது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நடந்ததை அவரிடம் உற்சாகத்தோடுதான் சொல்ல ஆரம்பித்தேன். டேப்பின் பிழையை எப்படித் தாண்டினேன் என்பது வரை வந்திருப்பேன். அவர் கையை உயர்த்தினார்.

"டேப்பு கிடக்கட்டும்ப்பா. அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

எனக்குத் தெரியவில்லை. மூன்றரை மணி நேரத்தில் நான் கேட்காத ஒரே கேள்வி அதுதான்.

அவர் போனை எடுத்தார். எக்ஸ்சேஞ்ச் இணைப்புக் கொடுத்ததும், தன் பெயரைச் சொல்லி, "லிஸ்டைப் பார்க்க வேண்டாம். அந்தப் பொண்ண உள்ள எடுங்க. என் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான். இரண்டு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"பதினொரு மணிக்கே போயிட்டாங்களாம். போடிக்குப் போற காய்கறி லாரியில புருஷன் ஏத்திக் கொண்டுபோயிருக்கான். இங்க இனி எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சிருக்கான்."

ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவர், நான், டிரைவர். கிளம்பும்போது நான் அச்சடித்த புது லிஸ்டைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

வழியில் அவர் ஒரே ஒரு முறை பேசினார்.

"கடையில ஆள் வந்து நின்னா எங்க வாப்பா பேனாவைக் கீழ வச்சிருவாரு. எழுதறது அப்புறம் எழுதிக்கலாம்பாரு. நீ படிச்சவன்ப்பா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சோர்ந்துபோய்ச் சொன்னார்.

போடிமெட்டுச் செக்போஸ்டுக்கு நாங்கள் போனபோது நல்ல மூடுபனி, பட்டப்பகலில் ஜீப்புக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் காய்கறி லாரி ஓரமாக நின்றிருந்தது. டீக்கடையில் இருந்த பெண்கள் சேலையை விரித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். மேலே கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் குழந்தை பிறந்திருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று ஒரு அம்மாள் சொன்னார். ஆஸ்பத்திரியாக இருந்தால் ஒரு வெட்டு வெட்டி எடுத்திருப்பார்கள் என்றும் சொன்னார். வேல்சாமி லாரியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் கையில் சுருட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். லிஸ்ட் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பேரு வந்துருச்சா சார்?" என்று கேட்டான்.

நான் வந்துவிட்டது என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் கீழே பார்த்தான். அவன் என்னை அடித்திருக்கலாம். அந்த நிமிடத்தில் நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்; அதற்கு ஏங்கினேன் என்றே சொல்வேன். சந்தனமாரியை ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்து மேலாளர் கீழே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஜீப்பில் எனக்கு இடம் இல்லை. சாயங்காலம் வரை செக்போஸ்டில் நின்றேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.

பிறகு விசாரணை வந்தது. விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார், இரண்டு டீ குடித்தார், 'கம்ப்யூட்டர் கோளாறு காரணமாகச் சில பெயர்கள் விடுபட்டன' என்று அறிக்கை எழுதினார். மேலாளர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மெஷின் சொன்னதைச் செய்தது, சொன்னது நாங்கள், அதை எழுதுங்கள் என்றார். அடுத்த மாதமே அவரைப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் பாலக்காட்டுக்குப் போய்விட்டார். எனக்கு ஊரில் கல்யாண வயதில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். நான் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்த நாற்காலியும் எனக்கே வந்தது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் என் அனுபவமெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து தொடங்கியதுதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூலத்தை அழிக்காதே, டேப்பை அடிக்கடி படித்துச் சோதித்துப் பார் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. ஏதாவது உடைந்தால் முதலில் கேளுங்கள், இதனால் இப்போது யார் எங்கே காத்துக்கொண்டிருக்கிறார் என்று. அவருக்கு வழிவிட ஒரு போன் போதும் என்றால் அதைச் செய்துவிட்டு வந்து கோளாறைத் தேடுங்கள். தரவு தப்பாகத் தெரிந்தால், அதைத் தட்டி ஏற்றுகிறவரிடம் காரணத்தைக் கேளுங்கள். அவர் உங்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவராக இருப்பார், அவருக்குத் தெரிந்திருக்கும். பத்து நிமிஷம் என்று சொல்லாதீர்கள். நம் தொழிலில் பத்து நிமிஷம் என்று ஒன்று கிடையாது. இதையெல்லாம் கற்றுக்கொண்டு நான் நல்ல மனிதனாகிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுத்துச் சொல்லப்போவதைப் படித்தால் தெரியும்.

அதற்குப் பிறகு மாதா மாதம் லிஸ்டை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சில மாதம் கழித்து ஒருநாள், கவுண்டரில் கிளார்க்கோடு சேர்ந்து பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து வாங்க ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியாக, கொழுந்துப் பறிப்பிலிருந்து நேராக வந்தவள், இடுப்பில் சாக்குப் படுதாவோடு. முகம் எனக்கு ஞாபகமில்லை; அன்றைக்குச் சேலை மறைப்புக்குள் நான் பார்க்கவில்லை. அவள் எண்ணைச் சொன்னாள். எண் ஞாபகமிருந்தது. என் விரல் தானாக அந்த வரியில் போய் நின்றது. மேல் வரியில் பேச்சியம்மாள், கீழ் வரியில் சந்தனமாரி.

"நீங்கதான் மெசின் ஆபீஸ் சாரா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அன்னைக்கு மெசின் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. இப்பச் சரியாயிருச்சா சார்?"

கிளார்க் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்துவிட்டாரா என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"சரியாயிருச்சுங்க" என்றேன்.

"அப்பச் சரி சார். எங்க லயத்துல இன்னும் ரெண்டு பேரு உண்டாயிருக்காங்க. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மெஷினில் ஒருநாளும் ஒரு கோளாறும் இருந்ததில்லை என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்ல, அவள் அந்த வராந்தாவைக் கடந்து போகும் வரை எனக்கு நேரம் இருந்தது. நான் அடுத்த பெயரைச் சரிபார்த்தேன்.